வேலி அறியாத நீர்

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மாரி மழையைச் சுண்ணாம்புக்கல் தன்னுள் ஏந்திவைத்த நீரே தலைமுறை தலைமுறையாக மக்களை வாழவைத்தது. அந்தக் கிணற்று நீரைப் பற்றி நாம் பெருமை பேசுவது நியாயமே. ஆனால், அதே வளவில் மலக்குழியையும் வெட்டிவிட்டு, ஆண்டுகள் பல கழிந்தும் குழி நிரம்பவில்லை என்று மகிழ்கிறோமே. அந்த நீர் எங்கே போயிற்று என்று எப்போதாவது கேட்டோமா?

சுண்ணாம்புக்கல் மணலைப்போல் வடிகட்டுவதில்லை. அதன் வெடிப்புகளூடே கழிவு விரைந்து கிணற்றைச் சேர்கிறது. தோட்டத்து உரமும் மலக்குழியும் சேர்ந்து நீரில் நைத்திரேற்றைப் பெருக்குகின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அது மிகுந்தால், புட்டிப்பால் குடிக்கும் சிசுவின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கக்கூடும். காய்ச்சினாலும் நைத்திரேற்று அகலாது.

2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் குழாயில் நீர் பெருகினால் கழிவுநீரும் பெருகும் என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை.

பரிகாரம் இல்லையா? உண்டு. கழிவுநீர்க் குளங்கள் உலகின் சிறு நகரங்கள் பலவற்றில் இயங்குகின்றன. முதற் குளத்தில் திண்மங்கள் அடியிற் படிந்து, காற்றின்றி வாழும் பற்றீரியங்களால் சிதைகின்றன. ஆழங்குறைந்த அடுத்த குளத்தில் வெயிலை உண்ணும் அல்காக்கள் ஒட்சிசனை விடுகின்றன. அதைக்கொண்டு வேறு பற்றீரியங்கள் எஞ்சிய அழுக்கைத் தின்கின்றன. இறுதிக் குளத்தில் வெயிலும் நாட்களுமே நோய்க்கிருமிகளைக் கொல்கின்றன. இங்கே வெயிலுக்கா பஞ்சம்?

"குளம் நாறும்" என்பர். அளவுக்கு மீறிக் கழிவை ஏற்றி, சேற்றை அகற்றாது கைவிட்டால் நாறும். அது குளத்தின் குற்றமன்று.

உண்மையான தடை வேறு. வாளி மலசலகூடக் காலத்தில் ஊரின் மலத்தை ஒரு சாதியாரின் தலையில் ஏற்றிவிட்டு நாம் தூய்மை கொண்டாடினோம். வாளி போயிற்று, அந்த மனம் போகவில்லை. இன்று பவுசர் வந்து குழியை இறைத்ததும், அது எங்கே கொட்டுகிறது என்று கேட்பதில்லை. குளத்துக்கு இடம் தேடினாலோ, நம் விரல் ஏழைகளின் குடியிருப்பையே சுட்டும். நிலத்தடி நீர் அந்தச் சாதி வேலியை அறியாது. அங்கே ஊறுவது இங்கேயும் ஊறும்.

ஆகவே உள்ளூராட்சிச் சபைகளிடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று. குளத்தின் இடத்தை நிலத்தடி நீரோட்டமும் காற்றும் தீர்மானிக்கட்டும். சாதியும் காணிவிலையும் அல்ல. அதன் அடித்தளம் நீர் கசியாதவாறு அடைக்கப்படட்டும். அங்கே உழைப்போருக்கு நிரந்தர நியமனமும் காப்புடையும் நியாயமான ஊதியமும் கிடைக்கட்டும். வாக்குக் கேட்டுப் படலையடிக்கு வருவோரிடம் முதலில் இவற்றைக் கேட்போம்.