பல்லுக்குப் பட்டி

ஒன்பதாம் வகுப்பில், கலர் பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறந்து காட்டுவதாக ஐந்து ரூபாய் பந்தயம் கட்டினேன். ஜெயித்தேன். மூடியோடு முன்பல்லின் ஒரு மூலையும் வந்துவிட்டது.

அன்றிலிருந்து இருபது வருஷம், வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் சிரிப்பு. ஆபீஸில் 'அடக்கமான பையன்' என்று பெயர். குரூப் போட்டோவில் மட்டும் இன்கிரிமென்ட் கட்டான மாதிரி நிற்பேன்.

போன மாதம் என் நாலு வயசு மகள் டி.வி. பார்த்துச் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. அவளுக்கு அத்தனையும் முத்துப் பல்.

"ஏண்டா கண்ணு மூடிக்கிறே?"

"சிரிச்சா மூடிக்கணும்ப்பா. நீ மூடிக்கிறியே!"

மறுநாள் அரைநாள் லீவு போட்டேன்.

"பாண்டிங் பண்ணிடலாம் சார்" என்றார் பல் டாக்டரம்மா. எனக்குத் தெரிந்த ஒரே பாண்ட், ஜேம்ஸ். விழித்தேன். "காருக்குப் பட்டி பார்ப்பாங்களே, அதான்!"

முதலில் ஷேடு பார்த்தார். பல் காய்ந்தால் வெளுத்துக் காட்டுமாம், அதனால் ஈரத்தோடு. என் பல் வெள்ளை என்று நினைத்திருந்தேன். பழைய பனியன் வெள்ளை என்று தெரிந்தது.

அடுத்து, பாஸ்பாரிக் ஆசிட்.

"ஆசிடா?" நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"எமரி ஷீட் போடாம பட்டி ஒட்டுமா சார்? இது எனாமலை லேசா சொரசொரப்பாக்கும், அவ்வளவுதான்." அரை நிமிஷத்தில் கழுவிவிட்டார்.

பிறகு படித்தால், 1955-ல் இந்த முறையை வெளியிட்ட அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனோகோருக்கு யோசனை வந்ததே, உலோகத்தில் பெயிண்ட் பிடிக்க அந்த ஆசிட்டைத் தடவுவதிலிருந்துதானாம். டாக்டரம்மா சொன்னது உவமை இல்லை, சரித்திரம்!

பின் ஒரு பசை. அதன் மேல் பல் நிறத்தில் காம்போசிட் என்ற பிசினைக் களிமண் மாதிரி வைத்து, மூலையை உருவாக்கினார். நீல விளக்கைக் காட்டினார். ஒவ்வொரு பூச்சுக்கும் இருபது விநாடி, கல்லாகிவிட்டது. தேய்ப்பு, பாலிஷ். ஊசிகூட இல்லை. முக்கால் மணியில் முடிந்தது.

"அஞ்சாறு வருஷம் தாங்கும் சார். அப்புறம் டச்சப் பண்ணிக்கலாம். டீ, காபி, சிகரெட் கறை பிடிக்கும். பல்லை வெளுக்க வைக்கிற மருந்து இதுகிட்டே பலிக்காது. நகம், பேனா மூடி கடிக்காதீங்க. அப்புறம் பாட்டில் மூடி..."

"தெரியும் டாக்டர்."

ராத்திரி கண்ணாடி முன் ஈயென்று இளித்துப் பார்த்துக்கொண்டேன். "வேற ஆள் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மகள் ஏதோ யானை ஜோக் சொன்னாள். வாய்விட்டுச் சிரித்தேன். கை தானாக வாய்க்குப் போய்விட்டது. எதிரே அவள் கையும்.

பல்லுக்கு முக்கால் மணி போதும். இருபது வருஷப் பழக்கத்துக்கு எந்த டாக்டர்?

இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஜோக் சொல்வதற்கு முன்னால், அப்பாவும் மகளும் ஒருத்தர் கையை ஒருத்தர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரெண்டு கையையும்.