அப்ரண்டிஸ் சட்டத்தின் 3ஏ பிரிவு எங்கே போனது?

2023 மே மாதம் எக்கியார்குப்பத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. சாராயம் என்று விற்கப்பட்ட மெத்தனால் மரக்காணம் பகுதியில் 14 பேரைக் கொன்றது. மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள். அது இந்தக் கடற்கரை வரை வந்து சேர வழி இருந்தது. தொழிற்சாலை வேலை வந்து சேரத்தான் வழியில்லை.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "உங்கள் பிள்ளைகளுக்குத் திறன் இல்லை." சொல்பவர்கள் ஒருமுறை மரக்காணம் உப்பளத்துக்கு வரட்டும். 3 டிகிரி அடர்த்தியில் இருக்கும் உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, 25 டிகிரி வரும்வரை வெயிலில் காயவிட்டு, உப்பு இறங்கியதும் வார வேண்டும். மிஞ்சும் கசப்புநீரைச் சரியான பதத்தில் வடித்துவிடாவிட்டால் மக்னீசியம் கலந்து சரக்கு கெட்டுவிடும். இது திறன் இல்லையென்றால் வேறு எது திறன்? இதை ஆயுள் முழுக்கச் செய்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் கிடையாது. தினக்கூலி என்ற பெயரும், மழைக்காலத்தில் அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணமும்தான் மிச்சம்.

சரி, பயிற்சி கொடுங்கள் என்கிறோம். உடனே அப்ரண்டிஸ் திட்டத்தைக் காட்டுகிறார்கள். படிப்பு முடித்த இளைஞரை நிறுவனம் சேர்த்துக்கொள்ளும், வேலை கற்றுத்தரும், உதவித்தொகை தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் இதை எதிர்க்கவில்லை. மூன்றே கேள்விதான் கேட்கிறோம்: யாரைச் சேர்க்கிறீர்கள்? பயிற்சிக் காலத்தில் அவர் யார்? பயிற்சி முடிந்தபின் அவர் எங்கே போவார்?

முதல் கேள்வி சாதியைப் பற்றியது. இந்தச் சமூகத்தில் தொழில் கற்பது எப்போதும் சாதி வழியாகவே நடந்தது. தச்சன் பிள்ளைக்கு உளி, வணிகன் பிள்ளைக்குக் கணக்கு, நமக்குச் சேறும் சாக்கடையும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியார் போராடினார். 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஆகவே உப்பளக் கூலியின் பிள்ளைக்கு உப்பு வாரப் பயிற்சி என்று யாராவது வந்தால் அது நமக்குப் புதிதல்ல. பெரியவர்களின் திறனுக்குச் சான்றிதழும் கூலி உயர்வும் கொடுங்கள். பிள்ளைகளுக்கு ஆய்வகத்தின் கதவையும் இயந்திரக் கூடத்தின் கதவையும் திறங்கள்.

இதை முதலில் கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1942 அக்டோபரில் வைஸ்ராய் லின்லித்கோவிடம் கொடுத்த மனுவில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளை அப்ரண்டிஸாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். கல்லூரிப் பட்டம் மட்டும் போதாது, தொழில்நுட்பமும் நம் கைக்கு வர வேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கோரிக்கைக்கு இன்று சட்டமே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973இல் 3ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும், மாநிலத்தில் அவர்களின் மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டு எண்ணிக்கையை நிர்ணயிக்க வேண்டும் என்கிறது அது. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. இந்தச் சட்டம் அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடு நடக்காத காரியம் என்று தொலைக்காட்சியில் வாதாடுபவர்களிடம் கேளுங்கள்: பயிற்சி இடங்களில் 1973லிருந்தே இருக்கிறதே, அதையாவது கொடுத்தீர்களா?

2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், தன் ஆட்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால்? 2014 திருத்தப்படி, குறையும் ஒவ்வொரு இடத்துக்கும் முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், பிறகு 1,000 ரூபாய் அபராதம். அதே 2019 விதிகளில் உதவித்தொகை 5,000 ரூபாயில் தொடங்குகிறது. சட்டத்தை மீறுவது மதிப்பதைவிட மலிவு என்று அரசே விலைப்பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி: பயிற்சிக் காலத்தில் அவர் யார்? சட்டத்தின் 18ஆம் பிரிவு அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல என்கிறது. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் அவரைத் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்தாலும் குறைந்தபட்சக் கூலி கேட்க முடியாது. 1982இல் ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே ஆளின் பெயரை மாற்றி அந்தத் தீர்ப்பைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

இதன் விளைவை மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் பார்த்தோம். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டுப் 'பயிற்சிக்கு' எடுத்து, விடுதியில் அடைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டினார்கள். அவர்களில் கணிசமானோர் தலித் பெண்கள். நூற்பு இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டு எதற்கு? காலம் முடியுமுன் வெளியேறியவர்கள் அந்தத் தொகையையும் இழந்தார்கள்.

மூன்றாவது கேள்வி: முடிந்தபின்? 22ஆம் பிரிவின்படி வேலை கொடுப்பது கட்டாயமில்லை. ஆளெடுக்கும் கொள்கையை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். ஒரு குழு வெளியே போகும், அடுத்த குழு உள்ளே வரும். இயந்திரம் நிற்காது, நிரந்தர வேலையும் உருவாகாது.

"சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லையே" என்று நம் தோழர்களே சொல்வதுண்டு. வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிறுவனங்களுக்கும் செலவு உண்டு என்பார்கள். உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசே கொடுக்கிறது. ஜெர்மனியில் பயிற்சியாளருக்குச் சமூகக் காப்பீடு உண்டு. நிறுவனத்துக்குள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. அதனால் அங்கே தொழிற்சாலைகள் மூடிவிடவில்லை.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. 3ஏ ஒதுக்கீட்டை நிறுவனவாரியாக வெளியிட வேண்டும். உற்பத்தியில் ஈடுபடுத்தும் அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும். பயிற்சி முடித்தவருக்குக் காலியிடத்தில் முன்னுரிமை கொடுக்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் இந்த மாதமே தொடங்கலாம். விழுப்புரம் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். மாவட்டத்தில் 30 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் எத்தனை, அவற்றில் அப்ரண்டிஸ்கள் எத்தனை பேர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், அபராதம் கட்டியவர்கள் யார், பயிற்சி முடித்து வேலை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று ஐந்து கேள்வி கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வந்த பதிலை மரக்காணத்தின் ஒவ்வொரு சேரியிலும் குப்பத்திலும் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் மாவட்டத்திலும் இதே மனுவைப் போடுங்கள்.