மரணப் படுக்கையும் சமுதாயக் கடமையும்

பெற்றோரை இறுதிவரை பேணுவது பிள்ளைகளின் கடன் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அக்கடனை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதனைச் சுமப்பவர் யார்? பிரசங்கிகளல்லர், தொழிலையும் உறக்கத்தையும் துறந்து நோயாளியின் அருகே கிடக்கும் மகளும் மருமகளுமே.

இந்நாட்டில் அரசினர் வைத்தியம் இலவசம். பிள்ளைப்பேற்றுக்குக் குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருகிறாள். மரணம் நெருங்குகையிலோ, ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்’ என்ற சொல்லே பலருக்குக் கிடைக்கிறது.

செய்வதற்கு நிறைய உண்டு. 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் நிறுவிய அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் அதனை நிரூபித்தது. நேரந்தவறாது கொடுக்கப்படும் மோர்பின் புற்றுநோயாளியின் வேதனையைத் தணிக்கும். அது செல்வந்த நாட்டுக் கதை என்பாரும் உளர். கேரளம் செல்வந்த நாடா? 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய சிறு முயற்சி ஊர்த் தொண்டர்களால் வளர்ந்தது. 2008இல் மாநில அரசின் கொள்கையாயிற்று. இன்று உள்ளூராட்சி மன்றங்களின் தாதியர் வீடு வீடாகச் செல்கின்றனர்.

நம் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்கென ஒரு திட்டம் வகுத்தது. ஏட்டிலுள்ள திட்டம் நோயாளியின் நோவைத் தீர்க்காது. பிறப்புக்கு மருத்துவமாது வருவதுபோல் இறப்புக்கும் பயிற்சிபெற்ற தாதி வர வேண்டும். கிராமத்து வைத்தியசாலையிலும் மோர்பின் கிடைக்க வேண்டும். பராமரிப்போருக்குச் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும்.

ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இக்கோரிக்கைகளை எழுப்பட்டும். தோட்டத் தொழிலாளி லயன் அறையில் துடிதுடித்து மடிவதை விதியென்று ஏற்க நாம் மறுக்கிறோம்.