காயம் அவளுக்கு, கதை அவனுக்கு

திரில்லர் படங்களை இரண்டாம் முறை பார்க்கும் சாதாரண ரசிகருக்கு ஒரு சந்தேகம் வருகிறது.

சினிமாவைத் தொழிலாகவோ தவமாகவோ கொள்ளாத ரசிகர் ஒருவர் உண்டு. இந்தியாவின் எந்த ஊரிலும் அவரைப் பார்க்கலாம். வாரத்தில் ஆறு நாள் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு படம். இயக்குநரின் முந்தைய படம் எது என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. படம் போரடிக்காமல் போகுமா, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கலாமா என்ற இரண்டே கேள்விகள்தான் அவருக்கு.

முப்பது வருடங்களுக்கு முன் தில்லியிலோ போபாலிலோ வசித்த தமிழ்க் குடும்பத்துக்கு ஞாயிறு மதியம் தூர்தர்ஷன் காட்டும் மாநில மொழிப் படம்தான் கதி. தமிழின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று மலையாளமோ வங்காளமோ, ரிமோட்டை அழுத்தினால் சப்டைட்டிலோடு வந்து நிற்கிறது. போன மாதம் வந்த படமும் பத்து வருடப் பழைய படமும் ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்த வசதியில் ஒரு சங்கடமும் இருக்கிறது. தியேட்டரில் கைதட்டிவிட்டு வந்த படத்தை வீட்டில் மறுபடியும் பார்க்க நேர்கிறது. உணர்ச்சிக் கதைகளுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அழுத இடத்தில் மறுபடியும் அழலாம். திரில்லரின் கதி வேறு. கொலையாளி யார், பிணம் எங்கே என்பதெல்லாம் தெரிந்துவிட்ட பிறகு, சும்மா இருக்கும் கண் வேறு எதையோ தேட ஆரம்பிக்கிறது.

2018 அக்டோபர் முதல் வாரம் இந்த ரசிகருக்குத் தீபாவளிக்கு முன்பே வந்த தீபாவளி. 4ஆம் தேதி '96'. மறுநாள் தமிழில் 'ராட்சசன்', இந்தியில் 'அந்தாதுன்'. விஜய் சேதுபதியும் த்ரிஷாவும் ஒரே இரவில் பேசித் தீர்க்க முடியாத பள்ளிக் காதல் இன்றும் அப்படியே இருக்கிறது. ராம்குமார் இயக்கிய 'ராட்சசன்' அப்படி இருக்கிறதா?

சினிமா எடுக்கும் கனவோடு இருந்து, வேறு வழியில்லாமல் போலீஸ் வேலைக்கு வந்த இளைஞனாக விஷ்ணு விஷால். பள்ளி மாணவிகள் ஒவ்வொருவராகக் கடத்தப்பட்டுக் கொல்லப்படுகிறார்கள். சிதைக்கப்பட்ட பொம்மைத் தலையைக் கொலைகாரன் பரிசுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறான். முதல் தடவை பார்த்தபோது நாற்காலி நுனியைவிட்டு யாரும் நகரவில்லை. இரண்டாம் தடவை தெரிவது கணக்கு. கொலைகாரனுக்கு முழு நீளத்தில் ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு. அவன் ஏன் இப்படி ஆனான், சிறு வயதில் என்ன அவமானம் பட்டான் என்றெல்லாம் விளக்கம் உண்டு. செத்துப்போன சிறுமிகளுக்குக் கிடைப்பது ஒரு யூனிஃபார்ம், ஒரு அலறல். கதாநாயகனின் அக்கா மகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம், அவள் கதாநாயகனின் அக்கா மகள் என்பதால்.

இந்தச் சந்தேகத்தோடு 'த்ருஷ்யம்' பக்கம் போனால் சங்கடம் அதிகமாகிறது. ஜீத்து ஜோசப் எழுதி இயக்கிய இந்த மலையாளப் படம் 2013 டிசம்பரில் வெளியானது. கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி என்று சுற்றி, 2019இல் சீன மொழி வரை போனது. கமல்ஹாசன் நடித்த 'பாபநாசம்' (2015) தமிழ் ரசிகருக்கு மனப்பாடம். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கேபிள் டிவிக்காரன், பார்த்த சினிமாக்களையே ஆயுதமாக்கிக் காவல்துறையை முட்டாளாக்குகிறான். பஸ் டிக்கெட், ஓட்டல் பில், தியேட்டர் டிக்கெட் என்று அவன் ஒவ்வொன்றாகக் கோக்கும் அழகுக்கு இணையான திரைக்கதை இந்தியாவில் குறைவு.

ஆனால் எல்லாம் எங்கே ஆரம்பித்தது? ஒரு பெண் குளிப்பதை ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். அவளை மிரட்டினான். மிரட்டல் அவள் அம்மாவின் மேலும் பாய்ந்தது. அவள் கையால் அவன் செத்தான். அந்தப் பெண்ணுக்கு அதற்குப் பிறகு படத்தில் வேலை என்ன? அப்பா சொல்லிக்கொடுத்த பொய்யை மனப்பாடம் செய்வதும், போலீஸ் வரும்போது நடுங்குவதும்தான். அவள் தூங்கினாளா, கண்ணாடியைப் பார்த்தாளா என்று கேட்க நேரமில்லை. ரசிகர்களின் கைதட்டல் முழுவதும் அப்பாவின் மூளைக்கு.

இயக்குநருக்கே இது உறைத்திருக்க வேண்டும். 2021இல் வந்த இரண்டாம் பாகத்தில் மூத்த மகளுக்கு வலிப்பு நோய். ஆறு வருடம் கழித்தும் பயம் அவளை விடவில்லை. தந்தையின் சாமர்த்தியம் சட்டத்தை ஏமாற்றிவிட்டது, மகளின் உடம்பை ஏமாற்ற முடியவில்லை. தொடர் படங்கள் கல்லாவை நிரப்புவதற்கென்றே எடுக்கப்படுபவை என்று பெயர் வாங்கிய நாட்டில், முதல் பாகம் மறந்ததை இரண்டாம் பாகம் நினைவில் வைத்துக்கொண்டது அபூர்வம்.

2024 ஜூனில் வந்த 'மகாராஜா' விஜய் சேதுபதியின் 50ஆவது படம். நித்திலன் சாமிநாதன் காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டிருக்கிறார். காணாமல் போன 'லட்சுமி'யைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி முடி திருத்துபவர் ஒருவர் போலீஸ் நிலையத்துக்கு வருகிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. போலீசார் சிரிக்கிறார்கள், தியேட்டரும் சிரிக்கிறது. பின்பாதியில் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. தான் எதற்காகச் சிரித்தோம் என்று ரசிகரை வெட்கப்படவைக்கும் அந்த ஒரு உத்திக்காகவே இயக்குநரைப் பாராட்டலாம்.

அதே உத்தியின் மறுபக்கமும் உண்டு. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமை இங்கே திருப்பமாகப் பாதுகாக்கப்படுகிறது. எப்போது திறந்தால் அதிகம் அதிரும் என்று பார்த்துத் திறக்கப்படுகிறது. நல்லவேளை, கடைசியில் அவள் தனக்குக் கொடுமை செய்தவனை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறாள். படம் முழுவதும் அரிவாளும் ரத்தமும் சாதிக்காததை அந்தச் சில நிமிடங்கள் சாதிக்கின்றன. அவளுக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் கிடைத்தன என்பதுதான் குறை.

இதற்கு ரசிகர் தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு. நாட்டில் நடக்காததையா காட்டுகிறார்கள்? பேப்பரைத் திறந்தால் இதுதானே செய்தி? உண்மைதான். இந்தப் படங்கள் கிளப்பும் கோபமும் போலியில்லை. ஒரு தகப்பன் தன் மகளுக்காக எந்த எல்லைக்கும் போவான் என்பதைப் பார்க்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. கேள்வி, குற்றத்தைக் காட்டலாமா என்பதில்லை. காட்டிய பிறகு கேமரா யார் பின்னால் போகிறது என்பதுதான். பெரும்பாலும் அது பழிவாங்கப் புறப்பட்ட ஆணின் பின்னாலேயே போகிறது.

எல்லோரும் அப்படியில்லை. சுஜாய் கோஷின் 'கஹானி' (2012) துர்கா பூஜை நேரத்துக் கொல்கத்தாவில் நடக்கிறது. காணாமல் போன கணவனைத் தேடி லண்டனிலிருந்து வருகிறாள் நிறைமாத கர்ப்பிணியான வித்யா பாலன். வழியில் பார்ப்பவர் எல்லோரும் இரக்கப்படுகிறார்கள். அந்த இரக்கத்தைத்தான் அவள் பயன்படுத்திக்கொள்கிறாள். காயமும் அவளுடையது, முடிச்சும் அவளுடையது. தெரிந்த பிறகு மறுபடியும் பார்த்தால் ஒவ்வொரு காட்சிக்கும் இன்னொரு அர்த்தம் கிடைக்கிறது. ஸ்ரீராம் ராகவனின் 'அந்தாதுன்' இன்னும் ஒரு படி குறும்பு. புனேயில் கண் தெரியாதவனாக நடிக்கும் பியானோக்காரன், அவன் எதிரிலேயே நடக்கும் குற்றம், அதை ஒரு சிடுசிடுப்போடு சமாளிக்கும் தபு. யாரும் நல்லவர் இல்லை என்பதால் யாரும் வெறும் பலியாடும் இல்லை.

இந்த வரிசையில் ரசிகர் தவறவிடக் கூடாத படம் 'ஆட்டம்'. ஆனந்த் ஏகர்ஷியின் மலையாளப் படம், 2024 ஜனவரியில் திரைக்கு வந்தது. ஒரு நாடகக் குழு. 12 ஆண்கள், ஒரே ஒரு பெண், அஞ்சலி. ஓர் இரவு ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தவளிடம் ஒரு கை அத்துமீறுகிறது. யாருடைய கை? சக நடிகர்கள் கூடிப் பேசுகிறார்கள். முதலில் எல்லோருக்கும் ஆவேசம். சந்தேகத்துக்குரியவனை உடனே வெளியேற்ற வேண்டும் என்கிறார்கள். அப்போது வெளிநாட்டில் நாடகம் போடும் வாய்ப்பு வந்து கதவைத் தட்டுகிறது, அந்தச் சந்தேகத்துக்குரியவன் மூலமாகவே. ஆவேசம் மெல்ல இறங்குகிறது. அவள் அன்று குடித்திருந்தாளோ? தூக்கத்தில் தெரிந்தது நிச்சயமா? ஒவ்வொருவரும் பேசப் பேச, விசாரணைக்கூண்டில் நிற்பது அஞ்சலி என்று ஆகிவிடுகிறது.

துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. பெரும்பகுதி ஒரு வீட்டுக்குள் நடக்கும் பேச்சு. ஆனாலும் எந்தத் திரில்லருக்கும் குறையாத படபடப்பு. 12 பேர் ஓர் அறையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சினிமாவுக்குப் பழக்கமானதுதான். ஹாலிவுட்டின் '12 ஆங்ரி மென்' (1957), அதை வைத்துப் பாசு சட்டர்ஜி எடுத்த 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' (1986) இரண்டிலும் பேச்சு ஒரு நிரபராதியைக் காப்பாற்றும். இங்கே அதே பேச்சு பாதிக்கப்பட்டவளைக் கைவிடுகிறது. முடிவைச் சொல்லிவிட்டதாக யாரும் கோபிக்க வேண்டியதில்லை. அந்தக் கை யாருடையது என்று படம் சொல்வதே இல்லை. அஞ்சலிக்கும் அது தெரிய வேண்டியிருக்கவில்லை. 12 பேரில் யாராகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிட்டு ரசிகரைத் தூங்கவிடாத திரில்லர் இது.

சிறந்த படம், திரைக்கதை, படத்தொகுப்பு ஆகியவற்றுக்கான தேசிய விருதுகள் 'ஆட்டம்' படத்துக்கு 2024 ஆகஸ்ட் 16இல் அறிவிக்கப்பட்டன. மூன்றே நாளில், 19ஆம் தேதி, மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றிய நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை வெளியானது. கமிட்டி அமைக்கப்பட்டது 2017இல். படம் கற்பனையாகச் சொன்ன தயக்கத்தையும் மழுப்பலையும் அறிக்கை சாட்சியங்களாகச் சொன்னது. தேதிகள் அருகருகே அமைந்தது தற்செயல். விஷயம் ஒன்றாக இருந்தது தற்செயல் இல்லை.

அதே 2024 ஜூனில், 'மகாராஜா' வந்த அடுத்த வாரம், கிறிஸ்டோ டோமியின் 'உள்ளொழுக்கு' வந்தது. பெயருக்கு ஏற்றபடி நீர் மேலே அசையாமல் நிற்கிறது, அடியில் இழுக்கிறது. குட்டநாட்டில் வெள்ளம். இறந்தவனை அடக்கம் செய்யத் தண்ணீர் வடிய வேண்டும். சடலம் காத்திருக்க, அதே வீட்டில் மாமியார் ஊர்வசியும் மருமகள் பார்வதி திருவோத்தும். மருமகளிடம் ஒரு ரகசியம், மாமியாரிடம் ஒன்று. இருவருமே பாதிக்கப்பட்டவர்கள், இருவருமே பொய் சொன்னவர்கள். யாரும் போலீசுக்குப் போவதில்லை, யாரும் அரிவாள் எடுப்பதில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் மன்னிக்க முடியுமா என்பதுதான் சஸ்பென்ஸ். ஊர்வசிக்கு 2025இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, அவரது நகைச்சுவையில் வளர்ந்த தமிழ் ரசிகர்களில் எத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள் என்பது தனிக் கேள்வி.

கூட்டிக் கழித்தால் ரசிகருக்குக் கிடைக்கும் பாடம் எளிது. நல்ல திரில்லருக்குள் ஓர் உணர்ச்சிக் கதை இருக்கிறது. நல்ல உணர்ச்சிக் கதைக்குள் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் பிரித்து மதிப்பெண் போடுவதைவிட, காயம்பட்டவருக்குப் படத்தில் எவ்வளவு இடம் என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

பெரியவர்கள் இந்த அளவுகோலை மறந்துவிடலாம். குழந்தைகள் மறப்பதில்லை. ஞாயிறு மதியம் படம் முடிந்து, வில்லன் ஒழிந்து, அப்பா நிம்மதியாக ரிமோட்டை எடுக்கும்போது, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயது மகள் கேட்கக்கூடும்: "அப்பா, அந்த அக்காவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

பல படங்களிடம் இதற்குப் பதில் இல்லை. அப்பாவிடமும் இருக்காது.