கரகந்தாப் பாட்டியின் இங்கிலீஷ்

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். இங்கிலீஷில் பி.ஏ. படித்தவர். பெண்கள் இருவரும் கல்லூரிக்குப் போகத் தொடங்கியபின் பகல் பொழுது போகமாட்டேன் என்கிறதாம். "ருஷ்ய பாஷை பேசுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் மூலம் இங்கிலீஷ் பேசக் கற்றுக் கொடுக்கலாம், குறைந்த கட்டணம் வைத்தால் மாணவர்கள் வருவார்கள் என்று என் நாத்தனார் சொல்கிறாள். எனக்கு ருஷ்ய பாஷையில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. என் இங்கிலீஷோ மாம்பலத்து இங்கிலீஷ். இது நடக்கிற காரியமா, இல்லை நாலு பேர் சிரிக்கிற காரியமா?" என்று கேட்கிறார்.

நடக்கிற காரியந்தான், சகோதரி! தைரியமாகச் சொல்கிறேன். ஏனென்றால் இரண்டு வருஷமாக நானே அதைச் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டில் இவருக்கும் என் பிள்ளைக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இன்று உங்களால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

முதலில் ஒரு விஷயம். ருஷ்ய பாஷை பேசுகிறவர்கள் எல்லோரும் ருஷ்யர்கள் அல்லர். கஸக்ஸ்தானிலும் கிர்கிஸ்தானிலும் லட்சக்கணக்கான வீடுகளில் அந்தப் பாஷை பேசுகிறார்கள். இஸ்ரேலில் இருக்கிறார்கள், ஜெர்மனியில் இருக்கிறார்கள், லாட்வியாவில் இருக்கிறார்கள். உக்ரைனிலும் அது பலருக்குத் தாய்பாஷை. ஆகையால் திரையில் முகம் தெரிந்ததும், "ஓ, நீங்கள் ருஷ்யரா?" என்று உற்சாகமாக ஆரம்பித்துவிடாதீர்கள். 2022-க்குப் பிறகு அந்தக் கேள்வி சிலருக்கு முள்ளாகக் குத்தும். "எந்த ஊர்?" என்று கேளுங்கள், போதும். யுத்தத்தைப் பற்றி நாமாகப் பேச்செடுக்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

என் மாணவி ஒருவரைப் பற்றிச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். கஸக்ஸ்தானில் கரகந்தா என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பெயர் போனது. அங்கேயிருக்கும் அந்த அம்மாளுக்கு வயது அறுபதுக்கு மேல். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண் கானடாவில், டொராண்டோவில். அவளுக்கு ஏழு வயதில் ஒரு குழந்தை. குழந்தை பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தைக்கு ருஷ்ய பாஷையில் பாட்டி, பால், போதும் என்று நாலு வார்த்தை வரும், மற்றதெல்லாம் இங்கிலீஷ். போனில் பாட்டியைப் பார்க்கும், கையை ஆட்டும், ஓடிவிடும். பாட்டிக்குத் திரையில் தெரிவது பேத்தியின் முதுகு!

நம் தெருவில் எத்தனை பாட்டிகள் இப்படி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நியூ ஜெர்ஸிப் பேரனிடம் "சாப்பிட்டியாடா கண்ணா?" என்று கேட்டுவிட்டு, அவன் என்ன சொன்னான் என்று பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் பாட்டிகள்! அதனால்தானோ என்னவோ, அந்த அம்மாள் வந்த காரணத்தைச் சொன்னபோது எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது.

ஆனால் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். அம்மாள் வாயைத் திறந்து, "மை டாட்டர் இன் கானடா" என்றார். "இஸ்! டாட்டர் இஸ் இன் கானடா" என்றேன். "ஷி ஹாஸ் லிட்டில் கேர்ல்" என்றார். "ஏ லிட்டில் கேர்ல்" என்றேன். இப்படியே அரை மணி. பிழை ஒன்று விடவில்லை. சுத்தமான பள்ளிக்கூட உபாத்தியாயினி! இரண்டாவது பாடத்தில் அம்மாள் பாதிதான் பேசினார். மூன்றாவது பாடத்தில் 'எஸ்', 'நோ' தவிர வேறு பேச்சில்லை. நாலாவது வாரம் வரவேயில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாறு வருஷம் இங்கிலீஷ் படித்தவர். லண்டன் நகரத்தைப் பற்றி ஒரு பாடத்தை இன்றைக்கும் தலைகீழாக ஒப்பிப்பார். அந்தக் காலத்து ஸோவியத் பள்ளிகளில் பாராமுகமாய் ஒப்பிப்பது பெரிய பழக்கம். லண்டன் பிரிட்டனின் தலைநகரம் என்ற வாக்கியத்தைச் சொல்லிச் சிரிக்காத ருஷ்யர் அபூர்வம். இலக்கணம் அவர்களுக்குத் தெரியும். தெரியாதது, எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பயமில்லாமல் பேசுவது. அந்தப் பயத்தைப் போக்க வந்தவளிடம் நான் இன்னும் கொஞ்சம் பயத்தை விற்றிருக்கிறேன், காசும் வாங்கிக்கொண்டு!

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அம்மாள் திரும்பி வந்தார். அன்றைக்குத்தான் ருஷ்ய பாஷை எப்படிப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாம்பலத்துச் சகோதரியே, இந்த இடத்தை நன்றாகப் படியுங்கள்.

"எனக்குக் குளிர்கிறது" என்று நாம் சொல்கிறோம் அல்லவா? இங்கிலீஷ்காரர் "நான் குளிராக இருக்கிறேன்" என்பார். ருஷ்ய பாஷையில் "ம்னே ஹோலத்ன" என்கிறார்கள். 'ம்னே' என்றால் 'எனக்கு'! நமக்கு 'எனக்கு வயது அறுபது', அவர்களுக்கும் 'எனக்கு'தான். நாம் "என்னிடம் பணம் இருக்கிறது" என்கிறோம். அவர்களும் பணத்தைத் தங்களிடம் 'இருக்க' வைக்கிறார்கள், இங்கிலீஷ்காரரைப் போல 'உடைமை' கொண்டாடுவதில்லை. "இவர் டாக்டர்" என்று இரண்டு சொல்லில் நாம் முடித்துவிடுவதைப் போல் அவர்களும் முடித்துவிடுகிறார்கள். நடுவில் 'இஸ்' கிடையாது. 'ஏ'யும் 'த'வும் நம் பாஷையிலும் இல்லை, அவர்கள் பாஷையிலும் இல்லை. நீ, நீங்கள் என்ற பேதம் இருவருக்கும் உண்டு. "உப்பைக் கொடுங்கள்" என்றால் நமக்கு அதிலேயே மரியாதை வந்துவிட்டது. அவர்களுக்கும் வினைச்சொல்லின் வாலில் மரியாதை இருக்கிறது. அதை அப்படியே இங்கிலீஷில் போட்டால் அதிகாரம் செய்வதுபோல் ஒலிக்கும். "குட் யூ பாஸ்" என்று இங்கிலீஷ்காரர் ஏன் சுற்றி வளைக்கிறார் என்பது அவர்களுக்கும் அதிசயம், நமக்கும் அதிசயம்.

பெயர் விஷயத்தில்கூட ஓர் ஒற்றுமை. நாம் தகப்பனார் பெயரை இனிஷியலாக முன்னால் வைக்கிறோம். அவர்கள் அதை நடுவில் வைக்கிறார்கள். பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கரகந்தா அம்மாள் என் தகப்பனார் பெயரைக் கேட்டு, அதற்குப் பின்னால் 'ஒவ்னா' என்று ஒரு வாலை ஒட்டி, அன்றிலிருந்து அப்படித்தான் என்னை அழைக்கிறார். அப்பா இருந்திருந்தால் சிரித்துச் சிரித்து இருமியிருப்பார்.

அவர்கள் தவறு செய்யும் இடத்தில்தான் நாமும் ஒரு காலத்தில் தவறு செய்தோம். எந்தப் பள்ளத்தில் கால் வழுக்கும் என்று இங்கிலீஷைத் தாய்பாஷையாகக் கொண்டவருக்குத் தெரியாது. விழுந்து எழுந்த நமக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒரு தரகு நிறுவனம், இங்கிலீஷ் தாய்பாஷையாக உள்ளவர்கள் மட்டுமே வேண்டும் என்று என் மனுவைத் தள்ளிவிட்டது. அன்று அழுகை வந்தது. இன்று அந்த மனுஷரைக் கண்டால் ஒரு டம்ளர் காப்பி கொடுத்து இதை விளக்கிச் சொல்வேன்.

எல்லாம் ஒற்றுமை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்குப் புத்தகம் பெண், மேஜை ஆண், ஜன்னல் இரண்டும் இல்லை! பையைத் தேடும்போது "ஷி இஸ் ஆன் த டேபிள்" என்பார்கள். யாரோ பெண்பிள்ளை மேஜைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள் என்று பயப்பட வேண்டாம். குறில் நெடில் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது, அவர்களுக்கு வரவில்லை. கப்பலும் செம்மறியாடும் இங்கிலீஷில் ஒரே ஓசையாகிவிடும். சொல்லின் கடைசி எழுத்தை அழுத்தி முடிப்பதால் படுக்கை என்று சொல்ல நினைத்தது பந்தயம் என்று காதில் விழும். 'திங்க்' என்பது 'ஸிங்க்' ஆகும். சிந்திக்கிறேன் என்பவர் மூழ்கிக்கொண்டிருப்பார். இதற்கெல்லாம் மட்டும் நான் குறுக்கிடுகிறேன், அதுவும் அர்த்தம் கெட்டால்தான். மற்ற பிழைகளைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிஷத்தில் மூன்றே மூன்றைச் சொல்கிறேன். நாலாவது பிழையைச் சொல்ல நாக்குத் துறுதுறுக்கும். கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என்ன பேசுவது என்கிறீர்களா? பாடப்புத்தகத்தை மூடிவையுங்கள். அந்த அம்மாள் வாயைத் திறக்க வைத்தது ஊறுகாய். ஊருக்கு வெளியே சின்னத் தோட்டம் வைத்துக்கொண்டு, கோடை முடிவில் வெள்ளரிப் பிஞ்சை உப்பு நீரில் ஊறவைத்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பூண்டு சேர்ப்பார்கள், ஒரு கீரையையும் பூவோடு சேர்ப்பார்கள். அந்தக் கீரை என்ன என்று விளக்க அம்மாள் பட்ட பாடு! விசாரித்தால் நம் நாட்டு மருந்துக் கடைச் சதகுப்பை. நான் ஆவக்காய் போடும் முறையைச் சொன்னேன். "ஆயில்? ஸோ மச் ஆயில்?" என்று கூவினார். அன்று இருபது நிமிஷம் பேசினார். தாம் பேசுகிறோம் என்பதையே மறந்துபோனார்.

அதற்குப் பிறகுதான் பேத்திக்கு வந்தோம். குழந்தை ஏன் பதில் சொல்வதில்லை என்று ஒரு நாள் எனக்குப் புரிந்தது. பாட்டி கேட்பது கேள்வி என்றே அதற்குத் தெரியவில்லை! ருஷ்ய பாஷையில் வாக்கியத்தை மாற்றாமல் குரலை மட்டும் ஏற்றினால் கேள்வி ஆகிவிடும். "யூ ஈட் சூப்" என்று பாட்டி கேட்டிருக்கிறார். தன்னைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று குழந்தை கையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டது. ஆகவே இருவரும் உட்கார்ந்து பன்னிரண்டு கேள்வி தயார் செய்தோம். இன்று என்ன சாப்பிட்டாய்? உன் சிநேகிதி பெயர் என்ன? படத்தை எனக்குக் காட்டுகிறாயா? எங்கே வலிக்கிறது? இவ்வளவுதான். இரண்டு மாதம் அதையே பேசினோம். நான்தான் பேத்தி. ஐம்பது வயதில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

இனி காசு விஷயம். அரை மணிக்கு 250 ரூபாய் வாங்குகிறேன். இந்த அம்மாளுக்கு 150. பென்ஷனில் அதற்குமேல் அவரால் முடியாது. மலிவாகக் கொடுப்பதற்கும் ஓர் எல்லை வையுங்கள். ஐந்து மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான் நான் குறைக்கிறேன். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் எல்லோரையும் நிறுத்திவிடுவோம். ஆள் பிடித்துத் தரும் தளங்கள் சில, முதல் பாடத்தின் கட்டணம் முழுவதையும் எடுத்துக்கொள்கின்றன. பிறகும் ஒரு பங்கு பிடிப்பார்கள். சேரும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

ருஷ்யாவுக்குள் இருப்பவர்களிடமிருந்து பணம் வருவது கஷ்டம். 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் அங்கே வேலையை நிறுத்தியபின், அந்நாட்டு பாங்கிகள் கொடுத்த அந்தக் கார்டுகள் வெளிநாட்டில் செல்லுவதில்லை. யாரோ மூன்றாம் மனிதர் கணக்கு வழியாக அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கஸக்ஸ்தான், இஸ்ரேல், ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வந்த பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்டவும் மறக்கவேண்டாம்.

முன்பெல்லாம் இந்தப் பாடங்கள் ஸ்கைப்பில்தான் நடந்தன. அது 2025 மே மாதம் மூடப்பட்டது. 2025 ஆகஸ்டில் ருஷ்யாவில் வாட்ஸப், டெலிகிராம் பேச்சு அழைப்புகளுக்குத் தடை வந்தது. ஜூமில் இலவசக் கணக்கு என்றால் நாற்பது நிமிஷத்தில் திரை மூடிக்கொள்ளும். அரை மணிப் பாடத்துக்கு அது தாராளம்.

நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்கோவில் ஆபீஸ் விட்டு இரவு 7 மணிக்கு உட்காருகிறவர் நமக்கு 9-30-க்கு வருவார். வீட்டில் முணுமுணுப்பு எழும். விளாடிவாஸ்டாக்கில் அதே 7 மணி நமக்குப் பகல் 2-30. சமையலறையை ஒழித்துவிட்டு உட்காரச் சரியான சமயம். கஸக்ஸ்தானில் 2024 மார்ச் 1 முதல் நாடு முழுவதற்கும் ஒரே நேரம். நமக்கு அரை மணி பின்னால்.

முதல் நாள் எதிரே இருப்பவர் சிரிக்காவிட்டால் கலங்காதீர்கள். தெரியாதவர்களிடம் காரணமில்லாமல் பல்லைக் காட்டுவது அங்கே வழக்கமில்லை. ஊறுகாய் வரை பொறுத்திருங்கள்.

கரகந்தா அம்மாளுக்குச் சனிக்கிழமை மாலை 5-30 மணிக்குப் பாடம். போன வாரம் மத்தியானமே செய்தி வந்தது. இனிச் சனிக்கிழமை முடியாதாம். டொராண்டோவில் அப்போது காலை 8 மணி; அந்த நேரம் தனக்கே வேண்டும் என்று பேத்தி சொல்லிவிட்டதாம். பாடத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றியிருக்கிறோம். குழந்தைக்கு முன்பல் ஒன்று ஆடுகிறதாம். அதைப் பற்றிப் பேசவேண்டும் என்கிறார். அதற்கு வேண்டிய சொற்களை எழுதிக்கொண்டிருக்கிறேன்.