ஸ்பாக் சிரித்த நொடி

‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ஸ்பாக் சிரிப்பது அபூர்வம். உணர்ச்சியை வெளியில் காட்டுவதையே இழுக்காக நினைக்கும் வல்கன் கிரகத்து மரபில் வளர்ந்தவர் அவர். 1967 செப்டம்பரில் ஒளிபரப்பான ‘அமோக் டைம்’ அத்தியாயத்தின் முடிவு இன்றும் பேசப்படுவது அதனால்தான்.

ஸ்பாக்குக்கு இணைசேரும் பருவம் வந்துவிட்டது. சொந்தக் கிரகத்துக்குப் போய் மணம் முடிக்காவிட்டால் உயிர் தங்காது. பதவி போனாலும் போகட்டும் என்று மேலிட உத்தரவை மீறி விண்கப்பலைத் திருப்புகிறார் அவருடைய நண்பர் கேப்டன் கிர்க். அங்கே மணப்பெண்ணுக்கு வேறொருவன்மேல் ஆசை. சடங்குப்படி ஸ்பாக்கோடு மோத அவள் கைகாட்டுவது கிர்க்கை. வெறி தலைக்கேறிய ஸ்பாக் அவர் கழுத்தை இறுக்க, கிர்க் சாய்கிறார். அவர் செத்துவிட்டார் என்று தெரிந்ததுமே ஸ்பாக்கின் உடம்பில் மூண்டிருந்த வேட்கை அணைந்துவிடுகிறது. பெண்ணை விட்டுக்கொடுத்துவிட்டு, கொலைக்குற்றத்துக்குச் சரணடையக் கப்பலுக்குத் திரும்புகிறார். கிர்க் உயிரோடு நிற்கிறார். கப்பலின் டாக்டர் மெக்காய் போட்ட ஊசி அவரை மயக்கத்தில்தான் ஆழ்த்தியிருந்தது. ஸ்பாக் அவரது இரு தோள்களையும் பற்றி, பெயர் சொல்லிக் கூவி, முகமெல்லாம் மலரச் சிரிக்கிறார். பக்கத்தில் ஆட்கள் இருப்பது உறைத்ததும் முகம் பழையபடி இறுகுகிறது. ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய் இதற்கு எடுத்துக்கொண்டது சில நொடிகள்தான்.

அத்தியாயத்தை எழுதியவர் இதை நட்பாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் மணமகளுக்காக எழுந்த வேட்கை நண்பனின் சாவில் அணைந்தது என்று கதையே சொல்லும்போது, அதில் காதலைக் கண்டவர்களை எப்படிக் குறை சொல்வது? 1974-இல் ‘க்ரப்’ என்ற ரசிகர் இதழில் அப்படியொரு சிறுகதை வந்தது. எழுதியவர் ஒரு பெண். தொடர்ந்து எழுதியவர்களும் பெரும்பாலும் பெண்களே. தாங்களே அச்சிட்டு, தபாலில் அனுப்பிப் படித்தார்கள். ஆணை ஆண் காதலிப்பதை அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டத் துணியாத காலத்து நாயகர்கள் கிர்க்கும் ஸ்பாக்கும். காட்டாமல் விட்டதை ரசிகைகள் காட்சிகளின் இடுக்குகளில் தேடினார்கள்.

ஆண்கள் நெருங்கிப் பழகினாலே சந்தேகமா, நட்பை நட்பாக விடக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆதங்கம் எனக்கும் புரிகிறது. தோளில் கைபோடக்கூட ஆண்கள் கூச்சப்படும் நிலை யாருக்கும் நல்லதல்ல. ஆனால் இந்த ரசிகைகளிடம் சந்தேகத்தின் சாயலே இல்லை. ஒரு பார்வையை, ஒரு தொடுதலை இவ்வளவு மதித்து, திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் வேறு யார்? அவர்களைப் படித்தபின் அந்த நட்பின் ஆழம் எனக்குக் கூடித்தான் தெரிகிறது.

தொடரைப் படைத்த ஜீன் ராடன்பரியும் இந்தக் காதல் வாசிப்புக்குப் பதில் சொல்ல வேண்டிவந்தது. 1979-இல் வெளிவந்த ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்தை அவரே நாவலாக்கியபோது, அடிக்குறிப்பு ஒன்றில் கிர்க்கையே பேசவைத்தார். எந்த வடிவக் காதலுக்கும் தான் எதிரியல்ல, தன் நாட்டம் பெண்கள்மீதுதான் என்கிறார் கிர்க். அந்தப் பதிலில் அருவருப்பும் இல்லை, கோபமும் இல்லை. ரசிகைகளின் வாசிப்புக்கு ராடன்பரி செய்த மரியாதையாகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.