மரம் பார்க்க நம் குழந்தைகளுக்கு நேரம் வேண்டும்

கூலிக்கும் அரிசிக்கும் போராடும் ஜனங்களுக்கு, மரம் துளிர்ப்பதையும் பூப்பதையும் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். அது ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்பது அவர்கள் எண்ணம். இதை நாம் ஏற்பதற்கில்லை.

மரங்களைப் பார்த்துத் தேதி குறித்து வைப்பது ஒரு காலத்தில் சீமான்களின் காரியமாக இருந்தது உண்மைதான். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலப்பிரபு 1736-ல் தன் பண்ணை மரங்கள் துளிர்க்கும் நாட்களை எழுதத் தொடங்கினார். அவருடைய சந்ததியார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். பருவம் மாறி வருகிறது என்பதற்கு விஞ்ஞானிகள் காட்டும் சாட்சிகளில் அந்தக் குறிப்பும் ஒன்று. அதே பண்ணையில் உழுதவனும் அதே மரங்களைத்தான் பார்த்தான். அவன் பார்த்ததை எழுதி வைக்க ஆளில்லை.

இன்று நிலைமை வேறு. 2010-ல் நம் நாட்டில் 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் தொடங்கியது. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஏராளமாக இதில் சேர்ந்திருக்கிறார்கள். முறை சுலபம். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு முறை அதே மரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். துளிர், மொட்டு, பூ, காய், பழம் இவை ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

போடிநாயக்கனூரில் பார்ப்பதற்கு மரங்களா இல்லை? இலவ மரம் பனிக்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நின்று பூக்கிறது. கோடையில் காய் வெடித்துப் பஞ்சு தெரிகிறது. வேம்பு பங்குனி, சித்திரையில் பூக்கிறது. மேலே மலையில், ஏலச்செடி பெரிய மரங்களின் நிழலில்தான் பிழைக்கும். மழைக்காலத்துக்கு முன் அந்த மரங்களில் ஏறிக் கிளை கழித்து வெளிச்சம் விடும் தொழிலாளிக்கு, எந்த மரம் எப்போது இலை உதிர்க்கும் என்பது மனப்பாடம்.

நம்முடைய ஜீவனமும் இதில் அடங்கியிருக்கிறது. 2024 கோடையில் மழை தவறி, வெயில் கொளுத்தி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் பெருமளவில் கருகின. செடி கருகினால் காயெடுப்பும் இல்லை, கூலியும் இல்லை. பருவம் எப்படித் தவறுகிறது என்று சொல்ல முதலாளியின் நஷ்டக் கணக்கு மட்டும் இருந்தால் போதுமா? நம் பிள்ளைகளின் நோட்டும் பேச வேண்டும்.

இதற்குக் குறுக்கே நிற்பது என்ன? நேரம்தான். விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டைக் கடந்து போகும் தாய், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறாள். மரத்தின் குணம் தாய்க்குத் தெரியும். எழுத்து பிள்ளைக்குத் தெரியும். வேலை நாளில் இருவரும் பகல் வெளிச்சத்தில் சந்திப்பதே இல்லை. எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று 1886-ல் சிகாகோ தொழிலாளர்கள் போராடியபோது, மிச்ச நேரத்தில் மனிதராக வாழும் உரிமையையும் சேர்த்தே கேட்டார்கள்.

ஆகவே நாம் கோருவது இதுதான். மலையேறிப் போய்வரும் பயண நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். வாரம் ஒரு நாள் கூலியோடு ஓய்வு வேண்டும். போடி வட்டாரத்துப் பள்ளிகள் வாரம் ஒரு மணி நேரத்தை மரங்களுக்கு ஒதுக்க வேண்டும். நோட்டுகளைக் குப்பையில் போடாமல் அடுத்த வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவை கிடைக்கும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. தெருமுனை வேம்பு, வாய்க்கால் கரைப் புளி, எதுவானாலும் சரி. பிள்ளைகளுக்கு ஒரு மரத்தைக் காட்டி, நமக்குத் தெரிந்ததைச் சொல்லி, இந்த வாரமே எழுதச் சொல்லுவோம்.